நாலாம் வகுப்புச் சிலுவை

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒரு பல்கேரியப் படைவீரனின் சிலுவை இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பல்கேரியாவுக்குப் போனவர் எவரும் இல்லை. படையில் இருந்தவரும் இல்லை. வீரம் என்று சொல்லக்கூடியதாக நான் அறிய எங்கள் வீட்டில் நடந்தது ஒன்றுதான்: அம்மா ஒருமுறை, நேரம் முடிந்த ரான்ஸ்ஃபர் பயணச்சீட்டுத் துண்டைக் காட்டி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் ஸ்காபரோ பஸ்ஸில் ஏறினார்.

அப்பா ரொறன்ரோவில் பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் சூப்பராக வேலை பார்த்தார். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். குழாய் அடைத்தாலும், கதவு பூட்டுப்பட்டாலும், மேல்வீட்டுப் பிள்ளை குதித்தாலும் முதலில் திட்டு வாங்குகிற ஆளுக்குத்தான் இந்த நாட்டில் சூப்பர் என்று பெயர். பதினாலாம் மாடியில் ஒரு பல்கேரியக் கிழவி தனியாக இருந்தார். இலங்கையில் போர் முடிந்ததற்கு முந்திய ஆண்டு, குளிர் தொடங்கிய நேரம், லிப்ற் இரண்டு நாள் படுத்துவிட்டது. அப்பா அந்த இரண்டு நாளும் காலையும் மாலையும் பதினாலு மாடி ஏறி அவருக்குப் பாலும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்கடுத்த மாதம் கிழவி முதியோர் இல்லத்துக்குப் போனபோது அப்பாவைக் கூப்பிட்டு, ஒரு கைலேஞ்சித் துணியில் சுற்றி இதைக் கொடுத்தாராம்.

இரண்டு பேரின் ஆங்கிலமும் ஒரே தரம். "மை பாதர். பிறேவ். யூ ரேக்" என்று கிழவி சொன்னாராம். என் தகப்பனார் வீரர், இது அவருடையது, எனக்குப் பிள்ளைகள் இல்லை, நீ வைத்துக்கொள் என்பது பொருள். அப்பா விளங்கிக்கொண்டது வேறு. தான் துணிச்சலான ஆள் என்றும், அதற்காக ஒரு நாட்டின் சார்பில் தனக்குப் பரிசு தரப்பட்டிருக்கிறது என்றும் விளங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லிப்ற் பழுதானதுக்கு, லிப்ற் பாக்கிற ஆளுக்கே பதக்கம். அப்ப தண்ணிக் குழாயும் வெடிச்சா கிரீடம் தருவினமோ?"

அப்பா அலுமாரியைத் திறந்து, என்னுடைய பள்ளிக்கூடக் கேடயங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்து, நடுவில் அதற்கு இடம் செய்தார்.

அந்த அலுமாரி அதுவரைக்கும் என்னுடைய ராச்சியம். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். இதை நான் அடக்கத்தோடு சுமந்தேன் என்று சொன்னால் அம்மா சிரிப்பார். வீட்டுக்கு வருகிற கடிதம், படிவம், வங்கிக்காரனின் எச்சரிக்கை எல்லாவற்றையும் நான்தான் வாசித்து, என்ன செய்யலாம் என்று தீர்ப்பும் சொல்வேன். அப்பா நாலாம் வகுப்போடு நின்றவர். ஆகவே பல்கேரியா என் கேடயங்களின் நடுவில் வந்து குந்தியபோது, அதற்கும் தீர்ப்புச் சொல்லுவது என் கடமை என்று நினைத்தேன். வரலாறு படித்துக்கொண்டிருந்தவள் வேறு. இரண்டு பின்னேரம் நூலகத்தில் செலவழித்தேன்.

கதை அலுப்பில்லாதது. துருக்கியரிடமிருந்து விடுபட்ட புது நாட்டுக்கு ஓர் அரசன் தேவைப்பட்டான். ஐரோப்பாவின் பெரிய ஆட்கள் கூடி ஒரு ஜெர்மன் இளவரசனைத் தேடிப் பிடித்து அனுப்பினார்கள். அவன் வந்து சேர்ந்து சில மாதங்களில், 1880இன் தொடக்கத்தில், வீரத்துக்கென்று ஒரு விருதை நிறுவினான். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு. அதை வாசித்தபோது எனக்கும் இருபத்திரண்டு. நான் அந்த வயதில் மார்க்கம் என்ற பக்கத்து நகரத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஆங்கிலக் கட்டுரை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்து வருடம் கழியுமுன் அவன் சிலுவை சூட்டிய படையின் அதிகாரிகள் சிலரே அவனைப் பிடித்து நாட்டைவிட்டு அனுப்பினார்கள். விருது மட்டும் நின்றுவிட்டது. அரசர்கள் மாறலாம், சிலுவை செய்கிறவனுக்கு வேலை போகாது.

வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நுனிப்பக்கம் அகலமாக விரிகிற நாலு கைகள் கொண்ட சிலுவை. கைகளுக்கு இடையில் குறுக்காக இரண்டு வாள். நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் முடி சூடிய சிங்கம் ஒன்று பின்கால்களில் எழுந்து நிற்கிறது. சுற்றிவர அவர்களுடைய எழுத்தில் 'வீரத்துக்காக' என்று இரண்டு சொல். வெளிர்நீல நாடா, அதை முக்கோணமாக மடித்து உடுப்பில் குத்துவார்கள். பின்பக்கத்தில் ஆண்டு. முதலில் அடித்தவற்றில் 1879. முதலாம் உலகப்போரில் அடித்தவற்றில் 1915. அடுத்த உலகப்போரில் 1941. பின்னிரண்டும் அவர்கள் சண்டைக்குள் இறங்கிய ஆண்டுகள். சண்டை முடிந்த ஆண்டைப் பொறிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. எங்களுடையது 1915.

இதிலும் சாதி உண்டு. அதிகாரிகளுக்கு வண்ணப்பூச்சுப் பூசிய சிலுவை, அதில் வகுப்புகள் வேறு. சாதாரணப் படைவீரனுக்கு வெறும் உலோகம். அதிலும் நாலு வகுப்பு: மேலிரண்டும் மஞ்சள், கீழிரண்டும் வெள்ளை, ஒன்றாம் மூன்றாம் வகுப்புகளுக்கு நாடாவில் ஒரு முடிச்சுப்பூ. எங்களுடையதன் நிறம் வெள்ளை. முடிச்சுப்பூ இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது என் கண்டுபிடிப்பை வெளியிட்டேன். "அப்பா, உது உங்களுக்குத் தந்ததில்லை. அந்தக் கிழவியின்ர தகப்பனுக்குக் கிடைச்சது. அதுவும் கடைசி வகுப்பு. நாலாம் வகுப்பு."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "நானும் நாலாம் வகுப்புத்தானே" என்றார்.

அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறியது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் சிரிப்புக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்த ஆண்டு போர் முடிந்தது. இதை இவ்வளவு சுருக்கமாக எழுதுவதற்கு எனக்கு நேரம் எடுத்தது. குளிர்காலம் தொடங்கி வைகாசி வரை எங்கள் சனம் போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோ நகரத்தின் நடுவில் நின்றது. படிப்பும் வேலையும் முடிந்து பஸ் பஸ்ஸாகப் போய் நின்றோம். அப்பா தன் பழைய வான் வண்டியில் தேத்தண்ணி அண்டாவை ஏற்றி, பெல்ற்றால் இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு பின்னேரமும் கொண்டுபோனார். பேச்சாளர்கள் பேசினார்கள், அப்பா ஊற்றினார். கடைசியில் கோப்பைகளும் பேச்சாளர்களும் மிஞ்ச, ஊரில் இருந்தவர்கள் மிஞ்சவில்லை.

சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, வன்னியில் லொறி ஓட்டினவர். போரின் கடைசிக் கிழமையில் செல் குண்டு விழுந்து இறந்தார் என்று, முகாமுக்குத் தப்பி வந்த ஓர் ஊர்க்காரர் தொலைபேசியில் சொன்னார். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டதற்கு அவர், "அண்ணை, அதெல்லாம் கேக்காதேங்கோ" என்றாராம். உடல் இல்லை, சாம்பல் இல்லை, செய்யவேண்டிய காரியம் ஒன்றும் அப்பாவால் செய்ய முடியவில்லை. அதனால் எங்கள் ஊர்ச் சங்கம் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு மண்டபத்தில் எல்லாருக்கும் பொதுவாக நினைவுகூரல் வைக்கப் போகிறது, உறவை இழந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் பெயர் சொல்லி விளக்கேற்றலாம் என்று அறிவித்தபோது, அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தம்பிக்கென்று அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே காரியம் அந்த விளக்கு. புதுச் சேர்ட் வாங்கினார். பதினேழாவது விளக்கு தன்னுடையது என்று அம்மாவிடம் மூன்று தரம் சொன்னார்.

இறந்தவர்களின் படங்களைச் சேர்க்கும் பொறுப்புச் சங்கச் செயலாளருக்கு. அவருக்கு மார்க்கத்தில் தனி வீடு. எந்த நிகழ்வுக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்க ரையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வருவார், செத்தவீட்டுக்கும். அந்தப் பழைய மாணவர் சங்கத்தில் அப்பாவுக்கு இடமில்லை; நாலாம் வகுப்போடு நின்றவனைப் பழைய மாணவன் என்று சொல்லலாமா என்று ஒருமுறை அங்கே விவாதமே நடந்ததாம். ஊர்ச் சங்கம் அப்படியில்லை, சமையலறை இருந்ததால் அப்பாவைச் சேர்த்துக்கொண்டது.

செயலாளர் சித்தப்பாவின் படத்தை வாங்க வந்தார். எங்களிடம் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த முத்திரை அளவுப் படம் ஒன்றுதான். அம்மா அதை எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது செயலாளர் அலுமாரிக் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றுகொண்டிருந்தாராம்.

"உது என்ன?"

"அது இவருக்கு வேலையில குடுத்தது" என்றார் அம்மா, உண்மைக்கு மிகவும் கிட்டிய பதிலாக.

செயலாளர் தலையாட்டினார். கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்தார். தேத்தண்ணி குடிக்காமல் போனார். அவர் வீடுகளில் தேத்தண்ணி குடிக்காமல் போகிற ஆள் இல்லை. அம்மாவுக்கு அப்போதே ஏதோ விளங்கியிருக்கிறது.

சிங்கம், வாள், பதக்கம். எங்கள் ஊரைச் சேர்ந்த ஒருவருக்கு அந்த ஆனி மாதத்தில் இந்த மூன்றையும் ஒன்றாகக் காட்டினால் பல்கேரியா ஞாபகம் வராது, இலங்கைக் கொடியும் ஆமியும்தான் வரும். கண்ணாடியில் வெளிச்சம் பட, அவசரமாக எடுத்த அந்தப் படம் ஸ்காபரோ முழுவதும் சுற்றியது. வட்டத்தைச் சுற்றியிருந்த எழுத்து அதில் கலங்கலாகத் தெரிந்தது. எங்களவருக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு: வாசிக்கத் தெரியாத எழுத்தெல்லாம் சிங்களம்.

சங்கத் தலைவரிடம் படம் போனது. அவர் இளமையில் மூன்று வருடம் கொழும்பில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராக இருந்தவர். அந்த மூன்று வருடத்தை வைத்து முப்பது வருடமாகச் சிங்கள விவகாரங்களுக்கு எங்கள் சங்கத்தின் அதிகாரபூர்வ நிபுணராக இருந்து வருகிறார். அவர் படத்தைக் கைநீட்டத் தூரத்தில் பிடித்து, கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்று சொல்லி, பிறகு வாசித்தும் காட்டியிருக்கிறார். "பழைய சிங்களம். வீரம்... வீரத்துக்கு எண்டு ஏதோ கிடக்கு."

மொழிபெயர்ப்பு முழுக்கச் சரி. மொழிதான் பிழை.

அப்பாவிடம் ஒருவரும் நேராக எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாமான் வாங்கப் போன கடையில் இருவர் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ, உவருக்கு அங்க சிங்கள ஆமியில ஆரையோ பழக்கமாம் என்று சொன்னதாக இன்னொருவர் வந்து சொன்னார். பிறகு செயலாளர் தொலைபேசி எடுத்து, மிகவும் மரியாதையாக, விளக்குப் பட்டியலில் பதினேழாம் இலக்கம் இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, செயற்குழு கூடி முடிவு சொல்லும் என்றார். அப்பா, "அப்ப தேத்தண்ணி?" என்று கேட்டார். தேத்தண்ணியை நிறுத்தி வைக்கவில்லையாம். செயற்குழுக் கூட்டத்துக்கும் வழமைபோல அவரே ஊற்றலாமாம்.

அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு, புதுச் சேர்ட்டை அதன் பெட்டியிலேயே திரும்ப மடித்து வைத்தார். மடிப்புச் சரிவரவில்லை; ஊசிகளை எங்கே குத்துவது என்று தேடிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் வாறன் கூட்டத்துக்கு" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. நீ கதைச்சா அவைக்குக் கோவம் வரும்."

எனக்கு அது பாராட்டாகப் பட்டது.

கூட்டம் ஒரு பிளாசாவின் நிலக்கீழ் மண்டபத்தில், சேலைக்கடைக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். ஒன்பது பேர் நீள மேசையைச் சுற்றி இருந்தார்கள். மேசை நடுவில், கிழவியின் கைலேஞ்சியின் மேல், சிலுவை. அப்பா அதை ஒப்படைத்துவிட்டுச் சமையலறைக் கதவடியில் போய் நின்றார். சுவரில் குளிர்காலத்தில் அச்சடித்த துண்டறிக்கை ஒட்டியிருந்தது: இலங்கைப் பொருட்களை வாங்காதீர், ஒவ்வொரு டொலரும் ஒரு குண்டு. எழுதியவர் செயலாளர். நல்ல கையெழுத்து.

நான் பதினொரு பக்கம் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். எழுந்து நின்று பேசினேன், பல்கலைக்கழகத்தில் பேசுகிறமாதிரி. இளவரசனில் தொடங்கினேன். வகுப்புகளைச் சொன்னேன். நாடாவின் மடிப்பைக்கூட விடவில்லை. ஒன்பது பேரும், மணமகளின் சாதகத்தைப் பார்க்கிற கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் கேட்டார், பல்கேரியா ஐநாவில் எங்களுக்கு ஆதரவோ எதிரோ என்று. தெரியாது என்றேன். அன்று நான் தெரியாது என்று சொன்ன ஒரே கேள்வி. அவர்கள் குறித்துக்கொண்ட ஒரே பதிலும் அதுதான்.

நான் விடவில்லை. "அங்கிள், இது முதலாம் உலகப்போரில குடுத்தது. அந்தப் போரில பல்கேரியா தோத்துப்போச்சு. இது தோத்த பக்கத்தின்ர பதக்கம்."

மேலே சேலைக்கடையில் யாரோ ஸ்ரூலை இழுத்தது கேட்டது. அந்த நாலு கிழமையாக ஸ்காபரோவில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத சொல்லை நான் சொல்லிவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. எங்களிடம் அதற்குப் பதிலாக வேறு சொற்கள் இருந்தன: பின்னடைவு, அடுத்த கட்டம், ஆயுதங்களின் மௌனம். செயலாளர் பேனையை மூடினார்.

"தங்கச்சி, தோத்தது எண்டு இஞ்ச ஒருத்தரும் சொல்லேல்லை."

"நான் பல்கேரியாவைச் சொன்னனான்."

"ஓம். ஆனா சொல்லு ஒண்டுதானே."

தலைவர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, கொம்பியூட்டரில் எந்தச் சிங்கத்தையும் எந்த நாட்டுக்கும் கொடுக்கலாம் என்றார். உண்மையான சிங்களச் சிங்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அப்படியொன்று இங்கே யாரிடமும் இருக்காது என்று, அந்த இல்லாமையில் ஒரு பெருமையோடு சொன்னார். பத்து நிமிட இடைவேளை விட்டார்கள். அப்பா தேத்தண்ணித் தட்டோடு வந்தார்.

நான் தண்ணீர் தேடிச் சமையலறைக்குப் போனேன். அங்கே அன்ரி ஒருவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவரும் அந்தத் தொட்டியும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். கிளாஸ் எடுக்கக் கீழ் அலுமாரியைத் திறந்தேன். கறுப்புக் குப்பைப் பைகளுக்குப் பின்னால் வரிசையாக நாலு தேயிலைப் பெட்டி. ஒவ்வொன்றின் மூலையிலும், விரல்நகம் அளவில், வலக்கையில் வாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சிங்கம். இலங்கைத் தேயிலைக்கென்றே குத்துகிற அடையாளச் சிங்கம்.

இல்லை என்று தலைவர் சொன்ன உண்மையான சிங்கம்.

அன்ரி தொட்டியிலிருந்து கை எடுக்காமலே சொன்னார், "பிள்ளை, உதை இருந்த இடத்தில வை."

"அன்ரி, இது காணும். இதைக் காட்டினா முடிஞ்சுது."

"எனக்கும் அதுதான் பயம்."

நான் கேட்டிருக்கலாம், ஏன் என்று. முதலாம் வகுப்பு மூளைக்கு அது தோன்றவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், சிலுவைக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தேன்.

"பாருங்கோ. சிங்களச் சிங்கம் மூண்டு காலில நிக்குது, ஒரு கையில வாள் பிடிச்சிருக்கு. இந்தச் சிலுவைச் சிங்கம் ரெண்டு காலில எழும்பி நிக்குது. கையில ஒண்டுமில்லை. தலையில முடி. வாள் ரெண்டும் வெளியில தனியாக் கிடக்கு. எழுத்தையும் பாருங்கோ, ஒரு எழுத்தாவது ஒத்துவருகுதோ?"

ஒன்பது தலைகள் குனிந்தன. தலைவர் இந்தமுறை சட்டைப்பையிலிருந்தே கண்ணாடியை எடுத்துப் போட்டார். ஒரு சிங்கத்தைப் பார்த்தார், மற்றச் சிங்கத்தைப் பார்த்தார். "ஓம்," என்றார் மெதுவாக. "வேறதான். இது சிங்களமில்லை."

நான் வென்றுவிட்டேன். மூன்று விநாடி இருக்கும்.

பிறகு செயலாளர் பெட்டியைக் கையில் எடுத்தார். திறந்து பார்த்தார், பாதி காலியாக இருந்தது. தன் முன்னால் இருந்த கோப்பையைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த தன் துண்டறிக்கையைப் பார்த்தார். "உது எங்கையிருந்து வந்தது?"

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியபோதுதான் எனக்கு விளங்கியது, இந்தச் சங்கத்துக்குத் தேயிலை வாங்குகிறவர் யார் என்று. சிலுவையில் இல்லாத சிங்கத்தை நானே தேடிப் பிடித்துக் கொண்டுவந்து அப்பாவின் கழுத்தில் கட்டியிருந்தேன், பதினொரு பக்க விளக்கத்தோடு.

அப்பா தட்டை இடுப்போடு அணைத்துப் பிடித்தபடி நின்றார். "நான்தான் வாங்கினனான்," என்றார். "நீங்கள் வேண்டாமெண்டு சொன்ன பிறகு ரெண்டு கிழமை கென்யாத் தேயிலைதான் போட்டனான். ஒருத்தரும் ரெண்டாம் கோப்பை கேக்கேல்லை. சனம் அந்தக் குளிருக்குள்ள நிக்குது, ஒரு வாய் சூடாக் குடிக்கட்டும் எண்டு..."

"அப்ப எங்களுக்கு இவ்வளவு நாளும்—" என்று செயலாளர் தொடங்கினார்.

சமையலறைக்குள்ளிருந்து அன்ரியின் குரல் வந்தது. ஆளைக் காணவில்லை, குரல் மட்டும். "தம்பி, இண்டைக்கு நீங்கள் மூண்டு கோப்பை. தலைவர் நாலு. நான்தானே கழுவுறனான்."

தலைவர் தன் நாலாவது கோப்பையின் மேல் கையை வைத்து மூடினார், அது பேசிவிடும் என்பதுபோல. யாரோ இருமினார். இதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் அதில் ஒன்பது பங்கு தங்களுக்கு வரும் என்பதை அந்த மேசை கணக்குப் போட்டு முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. தலைவர் தொண்டையைச் செருமி, சிங்கம் வேறு, தேயிலை வேறு என்று தீர்ப்புச் சொன்னார். தேயிலை நிகழ்ச்சி நிரலில் இல்லாத விடயம். சிலுவை பற்றித் திருப்தியான விளக்கம் பெறப்பட்டது. பதினேழாம் இலக்க விளக்கு மீண்டும் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. அன்றைய கூட்டக் குறிப்பை நான் பிறகு பார்த்தேன். பல்கேரியா என்பதைப் பல்கோரியா என்று எழுதியிருந்தார்கள், தேயிலை என்ற சொல்லே இல்லை.

செயலாளருக்கு முழுக்க விட மனமில்லை. எழும்பும்போது சொன்னார், "அண்ணை, விளக்கு ஏத்துங்கோ, பிரச்சினை இல்லை. ஆனா உதை வீட்டு அலுமாரியில வைக்காதேங்கோ. சனம் பிழையா விளங்கும். எங்கையேன் உள்ளுக்க போட்டு வையுங்கோ."

அப்பா சங்கத்தில் யார் என்ன சொன்னாலும் ஓம் என்று சொல்லுகிறவர். கதிரை அடுக்கு என்றால் அடுக்குவார், எடு என்றால் எடுப்பார். அன்றும் ஓம் என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசையடிக்கு வந்து, சிலுவையைக் கைலேஞ்சியோடு எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஏலாது," என்றார். "தோத்த ஆக்களும் ஒண்டு வைச்சிருக்கலாம் எண்டு பிள்ளை இப்பதானே சொன்னவள்."

நான் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னது ஒரு வரலாற்றுக் குறிப்பு, பத்தாம் பக்கத்தில். ஆனால் அந்த மண்டபத்தில் அவரைத் திருத்துகிற தைரியம் எனக்கு வரவில்லை, மற்றவர்களுக்கும் வரவில்லை. அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டபோது செயலாளர்கூடப் பேனையைத் திறக்கவோ மூடவோ இல்லை.

வான் வண்டியில் திரும்பி வரும்போது மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்து, முன்னுரையைத் தயார் செய்துகொண்டிருந்தேன். என் பழக்கம் அது. அப்பா சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டு, "பெட்டியை எடுத்தனியோ?" என்று கேட்டார்.

"எந்தப் பெட்டி?"

"தேயிலைப் பெட்டி. அரைவாசி கிடக்கு."

எடுக்கவில்லை. அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது இல்லை. அன்ரியிடம் விசாரித்தேன். தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோனதாகவும், ஆதாரமாக வைத்திருக்கவேண்டும் என்று சொன்னதாகவும் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் வந்தது. அப்பா அந்தப் புதுச் சேர்ட்டைத்தான் போட்டார். முதுகில் மடிப்புக் கோடுகள் தெரிந்தன, ஓர் ஊசியும் கொலரில் தப்பி இருந்தது. பதினேழாவதாகக் கூப்பிட்டார்கள். பெரிதாக்கிய படத்தில் சித்தப்பாவின் முகம் புள்ளி புள்ளியாக உடைந்து போயிருந்தது. பத்தடி தள்ளி நின்றால்தான் ஆள். அப்பா பெயரைச் சொன்னார், திரியைத் தூண்டினார், நெருப்பு வைத்தார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதில் பிடித்தது. பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்ட பிறகும். அம்மா என் கையைப் பிடித்திருந்தார். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

பிறகு அப்பா சேர்ட் கையை மடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். தேயிலை இப்போது பழைய பால்மாத் தகர ரின் ஒன்றில், அடையாளம் எதுவும் இல்லாமல். செயலாளர் வரிசையில் வந்து கோப்பையை நீட்டினார். எந்த நாட்டுத் தேயிலை என்று கேட்கவில்லை. இரண்டாம் கோப்பைக்கும் வந்தார். அப்பா விளிம்பு வரைக்கும் ஊற்றினார்.

சிலுவை அலுமாரியில்தான் இருக்கிறது. என்னுடைய கேடயங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கின்றன, பட்டமளிப்புப் படம் மேல்தட்டுக்கு ஏறிவிட்டது. செயலாளர் திருப்பிக் கொடுத்த அந்த முத்திரை அளவுப் படத்துக்குச் சட்டம் வாங்க அம்மா மறந்துபோனார்; நிற்க வைக்க ஏதாவது வேண்டுமே என்று சிலுவையில் சாய்த்து வைத்தார். சரியான அளவு. சிங்கமும் வாளும் சித்தப்பாவின் முகத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டன. தலைக்கு மேல் அந்த வெளிர்நீல நாடா மட்டும் தெரிகிறது, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கொடுக்கிற மாதிரி.

போன மாதம் வீட்டுக்கு வந்த ஒருவர், கனடாவுக்குப் புதிது, எங்கள் கதை எதுவும் தெரியாதவர், அலுமாரிக்கு முன்னால் நின்று கேட்டார், "உவர் ஓட்டத்தில வெண்டவரோ?"

நான் வாயைத் திறந்தேன். 1880இலிருந்து தொடங்கலாம் என்று இருந்தேன்.

"இல்லை," என்றார் அப்பா. "லொறி ஓட்டினவர்."